கிளார்க் என்ற குடும்பப் பெயர்: குமாஸ்தா வழியா, கால்வே அரச குலமா?

கேள்வி: என் மகள் டொரண்டோவில் மணந்திருக்கும் பையனின் குடும்பப் பெயர் கிளார்க். சம்பந்தி வீட்டார் தாங்கள் அயர்லாந்து வழி வந்தவர்கள் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் இது ஆங்கிலேயப் பெயர், குமாஸ்தா என்று பொருள் என்றுதான் வருகிறது. எது சரி? ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் கடைசியில் ‘இ’ (e) எழுத்து இருந்தால் அயர்லாந்து, இல்லாவிட்டால் இங்கிலாந்து என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

இரண்டுமே சரியாக இருக்கலாம். இங்கிலாந்தில் கிளார்க் என்பது தொழிலால் வந்த பெயர். அயர்லாந்தில் பல குடும்பங்களுக்கு அது ‘ஓ கிளேரி’ என்ற பழைய குலப்பெயரின் இடத்தில் பிற்காலத்தில் வந்து உட்கார்ந்த ஆங்கிலப் பெயர். ஸ்காட்லாந்தில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. எழுதும்போது எல்லாம் ஒரே பெயர்தான். ஆனால் இந்த மூன்று கூட்டத்துக்கும் ரத்த உறவு கிடையாது. கடைசி ‘இ’ பற்றிச் சொல்லப்படுவது மட்டும் நம்பத்தக்கதல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்து. இந்தப் பெயரின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘கிளேரோஸ்’ என்றால் சீட்டு. யூதாசின் இடத்துக்கு ஆள் தேட அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று புதிய ஏற்பாட்டில் வரும் இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். சீட்டு விழுந்து கிடைக்கும் பங்கு, பங்காக வரும் சொத்து என்று அதன் பொருள் விரிந்தது. லேவி கோத்திரத்தாருக்கு நிலத்தில் பங்கு இல்லை, கர்த்தரே அவர்களுக்குச் சுதந்தரம் என்று உபாகமம் சொல்கிறது. அதை வைத்து, தேவனையே தன் பங்காகக் கொண்டவன் என்ற கருத்தில் திருச்சபை ஊழியரை ‘கிளேரிகுஸ்’ என்று லத்தீனில் அழைத்தார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் ஒரு கடிதத்தில் இந்த விளக்கத்தைத்தான் தருகிறார். அந்த லத்தீன் சொல் ஒருபக்கம் நேராகவும் இன்னொருபக்கம் பிரெஞ்சு வழியாகவும் இங்கிலாந்துக்குப் போய் ‘கிளார்க்’ ஆனது.

கோயில் ஊழியர் எப்படிக் கணக்கெழுதுகிறவர் ஆனார்? இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றாலே அநேகமாகத் திருச்சபையில் பயின்றவர்தான். பண்ணை வரவு செலவு, கோட்டைக் கணக்கு, அரசன் ஓலை, வணிகனின் கடிதம் என்று எதை எழுதவேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். நாளடைவில் ‘படித்தவன்’ என்பதும் ‘கிளார்க்’ என்பதும் ஒன்றாகவே ஆகிவிட்டன. முதலாம் ஹென்றி மன்னர் படிப்பாளி என்று பேர் வாங்கியதால் அவருக்கு ‘போக்ளேர்க்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலும் இதே சொல்தான் இருக்கிறது.

இந்தப் பொருள் சட்டத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. திருச்சபை ஊழியர்களை அரசனின் நீதிமன்றம் தண்டிக்கக்கூடாது, சபையின் நீதிமன்றமே விசாரிக்கவேண்டும் என்பது அன்றைய உரிமை. இதைப் பற்றித்தான் இரண்டாம் ஹென்றிக்கும் பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் பெரிய தகராறு வந்தது. சரி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் உண்மையிலேயே சபை ஊழியரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசிக்கச் சொல்வார்கள். வழக்கமாகக் கொடுப்பது 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், தேவனிடம் இரக்கம் கேட்கும் வசனம். அதைப் படித்துவிட்டால் தூக்குக்கயிற்றில் இருந்து தப்பலாம். அதனால் அதற்குக் ‘கழுத்து வசனம்’ என்றே பேர் வந்தது. பின்னாளில் சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் படிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் இந்தச் சலுகையைப் பெற்றார்கள். நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்டு இப்படித்தான் உயிர் தப்பினார். கட்டைவிரலில் சூடு மட்டும் போட்டு அனுப்பினார்கள். இந்தச் சலுகை 1827 வரைக்கும் இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்தது. கிளார்க் என்ற பெயரை வெறும் குமாஸ்தா என்று மொழிபெயர்க்கும்போது இந்த மதிப்பெல்லாம் விடுபட்டுப் போகிறது. அந்தப் பெயர் உருவான காலத்தில், ஊரிலேயே எழுத்தறிந்த ஆள் என்பதுதான் அதன் எடை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். சபை ஊழியர்கள் திருமணம் செய்யக்கூடாதே, பிறகு பிள்ளைகளுக்குப் பெயர் எப்படி இறங்கியது? பாதிரியார், திருத்தொண்டர் போன்ற மேல்நிலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் அந்தத் தடை கறாராக இருந்தது. அதற்குக் கீழே வாயில் காப்பவர், வாசகர், பீட உதவியாளர் என்று சிறுநிலைப் பட்டங்கள் இருந்தன. அவற்றோடு நின்றவர்கள் தலையில் முடி மழித்து ‘கிளார்க்’ என்று அழைக்கப்பட்டாலும் மணம் முடித்துக் குடும்பம் நடத்தலாம். பெயர் பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் பரவியது. சபையோடு ஒட்டாத எழுத்தர்களும் அப்புறம் சேர்ந்துகொண்டார்கள். ‘கிளார்க்சன்’ என்ற பெயர் கிளார்க்கின் மகன் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

1086இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கிலேயே பெயருக்குப் பின்னால் ‘கிளேரிகுஸ்’ என்று குறிக்கப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அந்த ஆளின் அடையாளமே தவிர, வம்சப் பெயர் அல்ல. அப்பா கிளார்க், மகன் தச்சரானால் மகனுக்குத் தச்சர் என்றே பேர் வரும். மகன் என்ன வேலை பார்த்தாலும் அப்பாவின் பெயரே தொடரும் என்ற வழக்கம் முதலில் பெரிய நிலவுடைமையாளர்களிடம் ஆரம்பித்து, சாதாரண மக்களிடம் 14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் உறுதிப்பட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் வாங்கிய தலைவரிப் பட்டியல்களைப் பார்த்தால் இந்த மாற்றம் நடந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் எழுத்தர் இருந்தார். ஒவ்வொருவரும் தனித்தனி. எனவே இங்கிலாந்தின் கிளார்க் குடும்பங்களுக்குப் பொதுவான மூதாதை என்று எவரும் இல்லை, இருக்கவும் முடியாது. சாமர்செட் மாவட்டத்தில் 1825இல் கிளார்க்ஸ் காலணி நிறுவனத்தைத் தொடங்கிய, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துக்கும், அதே மாவட்டத்தில் பிறந்து 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கும் பெயர் ஒற்றுமையை வைத்து உறவு முடிச்சுப் போட முடியாது.

உச்சரிப்பு பற்றி ஒரு சங்கதி, ஏனென்றால் அதில்தான் ‘இ’ விவகாரத்துக்கு விடை இருக்கிறது. இடைக்காலத்தின் முடிவில் ஆங்கிலத்தில் ‘எர்’ என்ற ஒலி பல சொற்களில் ‘ஆர்’ என்று மாறியது. சில சொற்களில் எழுத்தையும் மாற்றினார்கள். சிலவற்றில் பழைய எழுத்து அப்படியே நின்றது. டார்பி, பார்க்‌ஷயர், சார்ஜெண்ட் எல்லாம் எழுத்தில் ‘எர்’, வாயில் ‘ஆர்’. அலுவலக எழுத்தரைக் குறிக்கும் சொல்லும் அப்படித்தான். அமெரிக்கர்கள் எழுத்தைப் பார்த்து ‘கிளர்க்’ என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் பிரிட்டிஷ்காரர்கள் வாய்வழியாக வந்ததால் தமிழில் இன்றுவரை கிளார்க் என்றே சொல்கிறோம். வேலையின் பெயர் பழைய எழுத்திலேயே தங்கிவிட, குடும்பப் பெயரை மட்டும் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதியபோது கடைசியில் ‘இ’ போட்டவர்கள் உண்டு, போடாதவர்களும் உண்டு. பழைய எழுத்தையே வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இயற்பியல் அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லின் நடுப்பெயரை ‘எர்’ போட்டுத்தான் எழுதுவார்கள்; எடின்பரோ அருகே பெனிக்குயிக்கில் இருந்த கிளார்க் குடும்பத்தில் இருந்து வந்த பெயர் அது.

கடைசி எழுத்தை முடிவு செய்தது பெரும்பாலும் பாதிரியாரோ பதிவாளரோதான். திருமணப் பதிவில் ‘இ’ இருக்கும், அதே ஆளின் மகனுடைய ஞானஸ்நானப் பதிவில் இருக்காது. இன்றைய நிலையில் அயர்லாந்தில் ‘இ’ உள்ள வடிவமே மிக அதிகம், ஸ்காட்லாந்தில் ‘இ’ இல்லாத வடிவம் அதிகம், இங்கிலாந்தில் இரண்டும் ஏராளம். உங்கள் மாப்பிள்ளை பெயரில் ‘இ’ இருந்தால் அயர்லாந்தின் பக்கம் தராசு சற்றுச் சாயும், அவ்வளவுதான். கடல் கடந்து கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போன குடும்பங்களில் அந்த எழுத்து உதிர்ந்தும் போயிருக்கலாம், புதிதாக ஒட்டியும் இருக்கலாம்.

இனி அயர்லாந்து. எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஐரிஷ் குலப்பெயர்களில் ‘மாக்’ என்றால் மகன், ‘ஓ’ என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். இந்தப் பெயர்கள் பெரும்பாலும் உண்மையில் வாழ்ந்த ஒரு மூதாதையின் சொந்தப் பெயரில் இருந்து கிளைத்தவை. ஓ கிளேரி என்றால் ‘கிளேரக்’ என்பவரின் வழிவந்தவர்கள். இந்தக் கிளேரக் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்; அயர்லாந்தின் மேற்கே, இன்றைய கால்வே மாவட்டத்தின் தென்பகுதியான ஐனே நாட்டை ஆண்ட அரச குலத்தில் பிறந்தவர். 663இல் இறந்த, மேற்கு மாகாணமான கொன்னாக்டின் மன்னர் குவாரே அந்தக் குலத்தின் புகழ்பெற்ற முன்னோர். கொடையாளி என்று இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதை சொல்வார்கள். கிளேரக் என்ற சொல்லுக்கும் லத்தீன் கிளேரிகுஸ்தான் மூலம், சபை ஊழியர் என்றுதான் பொருள். ஆனால் அது அவருடைய பெயர், வேலை அல்ல. இங்கிலாந்துக் கிளார்க்கின் முன்னோர் எழுத்தர் வேலை பார்த்தவர். ஓ கிளேரியின் முன்னோர் அந்தப் பெயர் சூட்டப்பட்ட ஒரு பிரபு. ஒரே கிரேக்கச் சொல் இரண்டு தீவுகளில் இரண்டு விதமாகப் பெயராகியிருக்கிறது.

ஐனேயின் தலைவரான டியர்னக் ஓ கிளேரி இறந்த செய்தியை 916ஆம் ஆண்டை ஒட்டி ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்கின்றன. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய வம்சப் பெயர்களில் ஒன்று ஓ கிளேரி என்று அடிக்கடி சொல்லப்படுவது இந்த ஒரு குறிப்பை வைத்துத்தான். இதில் கவனம் தேவை. அந்தத் தலைமுறையில் ‘ஓ’ என்பது நேரடியாகப் பேரன் என்ற பொருளிலேயே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அது நிலையான குடும்பப் பெயராக உறைந்தது அதற்குப் பின்னால்தான். எப்படிப் பார்த்தாலும், இங்கிலாந்தின் கிளார்க்குகள் நிலையான குடும்பப் பெயர் பெறுவதற்குப் பல தலைமுறை முன்பே ஓ கிளேரிகள் இருந்தார்கள். ஐரிஷ் கிளார்க்குகளை ‘ஆங்கிலப் பெயர்க்காரர்கள்’ என்று சொல்லிக் கடந்துபோவது எவ்வளவு பெரிய பிழை என்று இதில் தெரியும்.

ஐனேயில் அவர்கள் செல்வாக்கு நிலைக்கவில்லை. அதே குலத்தின் கிளைகளான ஓ ஹைன், ஓ ஷாக்னெஸி குடும்பங்கள் மேலே வந்தன. கின்வாரா என்ற ஊரின் கடலோரத்தில் நிற்கும் டன்குவாரே கோட்டை ஓ ஹைன் குடும்பத்தாருடையது. குவாரே மன்னரின் பெயர்தான் அதற்கு. பின்னர் 13ஆம் நூற்றாண்டில் நார்மன் பிரபுக்களான டி பர்க் குடும்பத்தார் கொன்னாக்டைப் பிடித்தபோது ஓ கிளேரிகள் சிதறிப்போனார்கள். ஒரு கிளை கேவனுக்கும், ஒரு கிளை கில்கெனிப் பக்கமும், இன்னொன்று வடமேற்கே டோனகலுக்கும் போனது.

டோனகல் போன கிளைக்கு அமைந்த வாழ்வு வேறு. அங்கே ஆண்ட ஓ’டானல் தலைவர்களுக்கு வரலாறு எழுதும் பரம்பரை உரிமை ஓ ஸ்கிங்கின் என்ற குடும்பத்திடம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணை ஓ கிளேரி குடும்பத்தைச் சேர்ந்த கார்மக் என்பவர் மணந்தார். அவர்கள் வழியாக அந்தப் பொறுப்பு ஓ கிளேரிகளுக்கு வந்தது. யார் யாருக்குப் பிறந்தார், எந்த நிலம் எந்தக் குலத்துக்கு, எந்தப் போரில் யார் வீழ்ந்தார் என்பதையெல்லாம் காத்து வைப்பது அவர்கள் கடமை. பாலிஷானன் அருகே கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கும் கில்பாரன் கோட்டை அவர்கள் இருந்த இடம். பெயரின் பொருளும் தொழிலும் இங்கே பொருந்திப்போனது தற்செயல். பெயர் பல நூற்றாண்டு முந்தியது.

1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்கள் தோற்றார்கள். 1607இல் ஓ’டானலும் ஓ’நீலும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். 1609 முதல் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் நிலங்களைப் பறித்து ஆங்கிலேயர்களையும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் குடியேற்றும் திட்டம் நடந்தது. புரவலர் போனால் வரலாற்றாசிரியருக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. இந்த நேரத்தில்தான் மீஹால் ஓ கிளேரி வருகிறார். பெல்ஜியத்தில் லூவான் நகரின் ஐரிஷ் பிரான்சிஸ்கன் கல்லூரியில் துறவியாக இருந்த அவரை, கையெழுத்துச் சுவடிகள் அழிவதற்குள் பிரதி எடுத்து வா என்று 1626இல் அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஊர் ஊராகத் திரிந்து பிரதி எடுத்தவர், 1632 ஜனவரியில் தன் கூட்டாளிகளோடு டோனகல் துறவிகள் தங்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து, 1636 ஆகஸ்டில் ஒரு மாபெரும் தொகுப்பை முடித்தார். ஆதிகாலம் முதல் 1616 வரை அயர்லாந்தின் வரலாற்றை ஆண்டுவாரியாகச் சொல்லும் அதற்கு ‘நான்கு ஆசான்களின் ஆண்டுக்குறிப்புகள்’ என்று பெயர். நால்வரில் இருவர் ஓ கிளேரிகள். உதவிக்கு இருந்த கோனரே என்பவரும் ஓ கிளேரி, மீஹாலின் அண்ணன் தம்பிகளில் ஒருவர்.

அந்த இன்னொரு ஆசானான கூகோக்ரி ஓ கிளேரிக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அவர் டோனகலில் ஆண்டுக்கு எட்டு பவுண்டு குத்தகை கட்டிச் சிறிது நிலம் வைத்திருந்தார். ஆண்டுக்குறிப்பு வேலை தொடங்கிய அதே 1632இல் அந்த நிலம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டு அரசருக்குப் போனது. பதிவான காரணம்: அவர் கலப்பற்ற ஐரிஷ்காரர், ஆங்கில அல்லது பிரிட்டிஷ் வம்சமோ குடும்பப் பெயரோ இல்லாதவர். வம்சம் மட்டுமல்ல, பெயரும் அந்த ஆவணத்தில் இருக்கிறது. நாட்டின் எல்லாக் குலங்களின் வழிமுறையையும் எழுதிக் காத்த மனிதருக்கு, அவருடைய பெயரே குற்றமாக எழுதப்பட்டது. அவர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மேயோ மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார். 1664இல் எழுதிய உயிலில், உலகத்தில் தனக்கு மிகவும் பிரியமான சொத்து என்று சொல்லித் தன் புத்தகங்களை இரண்டு மகன்களுக்கும் விட்டுச்சென்றார்.

ஒரு குடும்பம் ஏன் ஓ கிளேரியை விட்டு கிளார்க் ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். பெயரை மாற்றச் சொல்லும் வழக்கம் அதற்கும் பழையது. 1465இல் நான்காம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. டப்ளின், மீத், லௌத், கில்டேர் மாவட்டங்களில் ஆங்கிலேயர் நடுவே வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயரைப்போல உடுத்தி, மீசையை மழித்து, ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெயர் என்பதற்கு உதாரணமும் கொடுத்திருந்தார்கள்: சட்டன், செஸ்டர், ட்ரிம் போன்ற ஊர்ப் பெயர், வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று நிறம், கொல்லர், தச்சர் என்று தொழில், சமையல்காரர், பட்லர் என்று பதவி. அந்தச் சட்டம் எட்டியது சிறிய பகுதியைத்தான். ஓ கிளேரிகளை அது நேராகத் தொட்டிருக்காது. அவர்கள் விஷயத்தில் மாற்றம் 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, நிலம், நீதிமன்றம், பதிவேடு எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனபோது மெல்ல நடந்தது. சிலர் ‘ஓ’வை விட்டு கிளேரி, கிளியரி என்று எழுதினார்கள். தெற்கே இந்த வடிவம் அதிகம். கேவனிலும் அல்ஸ்டரின் பல பகுதிகளிலும், ஒலியும் பொருளும் ஒத்துப்போன ஆயத்த ஆங்கிலப் பெயராகக் கிளார்க் பக்கத்திலேயே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இது கிளார்க்குகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கேவனில் ஏராளமாக இருக்கும் ஸ்மித்துகளில் பலர் ‘மாக் கவன்’, அதாவது கொல்லர் மகன் என்ற குலத்தவர். மீஹாலை அயர்லாந்துக்கு அனுப்பி வைத்த லூவான் அறிஞரை ஆங்கிலத்தில் ஹியூ வார்ட் என்கிறார்கள். வார்ட் என்றால் ஆங்கிலத்தில் காவலர். அவர் குலப்பெயரோ ‘மாக் அன் வார்ட்’, புலவர் மகன் என்று பொருள். ஓ’டானல்களின் பரம்பரைப் புலவர் குடும்பம். ஆங்கிலப் பெயர்ப் பட்டியலில் காவலர் என்று மட்டும் படித்துவிட்டுப் போனால் அந்தப் புலவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தாழ்நிலத்தில் ஆங்கிலேயரைப் போலவே தொழில் வழிப் பெயர். மலைநாட்டில் கேலிக் மொழியில் சபை ஊழியரின் மகன் என்று பொருள்படும் குலப்பெயர் இருந்தது. அது மெக்ளியரி என்றும் கிளார்க் என்றும் ஆங்கிலமானது. சாட்டன் குலக்கூட்டணி, கேமரன், மக்பர்சன் குலங்களோடு இவர்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அல்ஸ்டர் குடியேற்றத்தின்போது ஸ்காட்லாந்துக் கிளார்க்குகள் வட அயர்லாந்துக்குப் போய்விட்டதால்தான் அங்கே குழப்பம் இரட்டிப்பாகிறது. பக்கத்து பக்கத்து ஊரில் ஒரு கிளார்க் ஓ கிளேரியாகவும் இன்னொரு கிளார்க் ஸ்காட்லாந்துக்காரராகவும் இருப்பார்கள்.

கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் கறுப்பினத்தவர் பலருக்கு இந்தப் பெயர் உண்டு. பெரும்பாலும் அடிமை முறைக் காலத்தில் வந்து ஒட்டிய பெயர் அது. பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை ஒழித்த 1954ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்புக்கு ஆதாரமான ஆய்வுகளைச் செய்த உளவியலாளர் கென்னத் கிளார்க், ஜமைக்காவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர்.

பிறந்த ஊரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எப்படிக் காலை வாரும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1916 டப்ளின் எழுச்சியின்போது சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர் டாம் கிளார்க். அவர் பிறந்தது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹர்ஸ்ட் கோட்டையில். அப்பா லீட்ரிம் மாவட்டத்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தில் சார்ஜெண்ட், புரொடஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். ஐரிஷ் மொழியில் டாம் கிளார்க்கின் பெயர் ஓ கிளேரி. மறுபக்கம், வண்ணக் கண்ணாடி ஓவியத்தில் அயர்லாந்தின் பெருமையான ஹாரி கிளார்க் 1889இல் டப்ளினில், அதுவும் புனித பாட்ரிக் திருநாளன்று பிறந்தவர். அவருடைய அப்பா ஜோஷுவா கிளார்க் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்து 1877இல் டப்ளினுக்கு வந்தவர். பெயர், பிறந்த ஊர், மதம் மூன்றையும் வைத்து ஊகித்திருந்தால் இரண்டு பேர் விஷயத்திலும் தவறிப்போயிருப்போம்.

ஆகவே சம்பந்தி வீட்டார் சொல்வதைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஊரைத் தேடுங்கள், மாவட்டம் கூடப் போதாது, திருச்சபைப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்வட்டம் வரைக்கும் போகவேண்டும். கேவன், லீட்ரிம், டோனகல், மேயோ, கால்வே பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஓ கிளேரி என்பதற்கு நல்ல வாய்ப்பு. ஆன்ட்ரிம், டௌன் பக்கத்துப் பிரெஸ்பிட்டேரியன் குடும்பம் என்றால் ஸ்காட்லாந்து. டப்ளின் என்றால் எதுவும் சொல்வதற்கில்லை.

தேடலைக் கனடாவில் இருந்தே ஆரம்பிக்கலாம், அதுதான் சரியான வரிசையும்கூட. 1871இல் எடுத்த கனடாவின் குடிக்கணக்கு பிறந்த நாடு, மதம் மட்டுமல்லாமல் வம்சாவளி எந்த நாட்டைச் சேர்ந்தது என்றும் கேட்டது. கனடாவில் பிறந்த கிளார்க் ஒருவர் தன்னை ஐரிஷ் என்று சொல்லியிருந்தால் அங்கே தெரியும். 1865க்கு முன் வந்தவர்களுக்குக் கப்பல் பயணிகள் பட்டியல் கிடைப்பது அபூர்வம். எனவே கல்லறைக் கல், திருமணப் பதிவு, இறப்புச் செய்தி இவற்றில் அயர்லாந்து ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஊர் கிடைத்த பிறகு அயர்லாந்து ஆவணங்கள். 19ஆம் நூற்றாண்டுக் குடிக்கணக்குகள் பெரும்பாலும் இல்லை. ஒரு பகுதியை அரசே அழித்தது, மிச்சம் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனது. ஆனால் 1901, 1911 கணக்குகள் இரண்டும் முழுமையாக, இலவசமாக இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் மதமும் ஐரிஷ் மொழி தெரியுமா என்பதும் உண்டு. சில குடும்பங்கள் 1911 படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பியிருக்கும். அதில் ஓ கிளேரி என்று கண்ணில் பட்டால் அது நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டுமே முடிவான சாட்சி ஆகாது. எல்லோருக்குமான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1864இல் தொடங்குகிறது. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணம் மட்டும் 1845 முதல். அதற்கு முன் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பார்க்கலாம். தேடும்போது கிளார்க், கிளியரி, கிளேரி மூன்றையும், ‘இ’ உள்ளதும் இல்லாததுமாகத் தேடுங்கள். ஒரே குடும்பம் மூன்று விதமாகவும் பதிவாகியிருக்கும்.

மரபணுச் சோதனை பற்றி யாராவது சொல்வார்கள். அப்பா வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை இந்தக் கேள்விக்கு உதவும். அதே ஊர்ப்பக்கத்துக் கிளியரி குடும்பத்து ஆண் ஒருவரோடு மாப்பிள்ளையின் முடிவு ஒத்துப்போனால் அது நல்ல ஆதாரம். வெறுமனே இன்னொரு கிளார்க்கோடு ஒத்துப்போகவில்லை என்பதில் எந்தச் சேதியும் இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், அரிதான குடும்பப் பெயர் கொண்ட ஆண்களிடையே பொதுவான தந்தை வழி நன்றாகத் தெரிந்தது. ஸ்மித் போன்ற எங்கும் பரவிய பெயர்களில் அப்படி எதுவும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ‘கிளார்க் குடும்பச் சின்னம்’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் கடைகள் நிறைய. திருமணப் பரிசாக வாங்கிவிடாதீர்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோருக்கும் அது சொந்தமாகாது. அந்தப் பணத்தில் மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா திருமணப் பதிவின் நகலை வாங்குங்கள். அயர்லாந்தில் பதிவான திருமணம் என்றால் அதில் மணமகன், மணமகள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் எழுதியிருக்கும். அது கையில் இருந்தால் அடுத்த தலைமுறைக்கு வழி திறந்துவிடும்.